கழுவிய மாவும் கழுவாத பழியும்

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் எழும் முதற் கேள்வி, "என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான். வயிற்றுவலிக்கு இக்கேள்வி மிகவும் பொருத்தமானது. நேற்றுக் கெட்டுப்போன உணவை உண்டவர் இன்று அவதிப்படுவதை நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். ஆனால் முதுமையில் கை நடுங்கும்போதும், நடை தளரும்போதும், நினைவு தேயும்போதும் அதே கேள்வியையே கேட்கிறோம். அங்கே "நேற்று" என்பது முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நேற்று என்பதை மறந்துவிடுகிறோம்.

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவரின் பாட்டிக்குப் பார்க்கின்சன் நோய். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இத்தனை வருஷமா இந்த வீட்டுச் சாப்பாடு சரியில்லை, அதுதான் இப்படி வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சமைப்பவர் மாணவரின் தாயார். "அன்னைக்குப் பூரா அம்மா பேசவே இல்ல சார். சாப்பாட்டால இந்த நோய் வருமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். ஆகவே அவருக்கு ஒரு நூலைக் கொடுத்தேன். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் 1996-ல் எழுதிய "தி ஐலண்ட் ஆஃப் தி கலர்பிளைண்ட்" என்ற ஆங்கில நூல் அது. "வண்ணம் காணாதோர் தீவு" என்று தமிழில் சொல்லலாம். மூன்று வாரம் கழித்து நூலைத் திருப்பித் தந்த மாணவர், "கடைசியில அந்த மாவுதானே சார் காரணம்?" என்று கேட்டார்.

நூல் அப்படிச் சொல்லவில்லை. காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்றே ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஆயினும் கவனமாகப் படிக்கக்கூடிய ஒரு மாணவர் இந்த முடிவோடு நூலை மூடுகிறார் என்றால், நூலில் ஏதோ ஒன்று அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றுதானே பொருள்? அது என்னவென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு தீவுகள், இரண்டு புதிர்கள்

சாக்ஸ் 1933-ல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவராகப் பணியாற்றி, 2015-ல் மறைந்தவர். தூக்க நோயின் பின்விளைவாகப் பல பத்தாண்டுகள் சிலைபோல் உறைந்துகிடந்த நோயாளிகளுக்கு லெவோடோபா மருந்தைக் கொடுத்து, அவர்கள் விழித்தெழுந்த கதையை 1973-ல் "அவேக்கனிங்ஸ்" என்னும் நூலாக எழுதிப் புகழ் பெற்றார். நோயைப் பற்றி எழுதுவோர் பலர். நோயாளியைப் பற்றி எழுதுவோர் சிலர். சாக்ஸ் இரண்டாம் வகையினர்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள இரு புதிர்களை இந்நூல் எடுத்துக்கொள்கிறது. முதற் பகுதி பிங்கலாப் என்ற சிறு தீவைப் பற்றியது. ஏறக்குறைய 1775-ல் வீசிய பெரும்புயலில் இத்தீவில் இருபது பேர் அளவிலேயே உயிர் தப்பினர். அவர்களின் வழிவந்தோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வண்ணமே தெரிவதில்லை. சிறிய மக்கள்தொகையில் ஒடுங்கு மரபணு ஒன்று பெருகிவிட்டதன் விளைவு இது. காரணம் தெரிந்த புதிர் என்று இதைச் சொல்லலாம். அந்த மரபணு எது என்பதும் 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டுவிட்டது.

இரண்டாம் பகுதி குவாம் தீவைப் பற்றியது. 1898 முதல் அமெரிக்க ஆட்சியிலுள்ள தீவு இது. இடையில் 1941 டிசம்பர் முதல் 1944 வரை ஜப்பானியர் வசம் இருந்தது. இங்கு வாழும் தொல்குடியினர் சமோரோ மக்கள். இவர்களிடையே ஒரு விந்தையான நரம்பு நோய் காணப்பட்டது. அது சிலருக்குத் தசைகள் மெலிந்து, பேச்சும் விழுங்கும் ஆற்றலும் போய், மனம் மட்டும் தெளிவாக இருக்கும் நோயாக வந்தது. இது ஏ.எல்.எஸ். என்ற இயக்கு நரம்பணு நோயை ஒத்தது. இதனை அத்தீவினர் "லிட்டிகோ" என்றனர். வேறு சிலருக்கு நடுக்குவாதமும் மறதியும் சேர்ந்து வந்தன. இதற்குப் பெயர் "போடிக்". சில குடும்பங்களில் ஒருவருக்கு முதல் வகையும் மற்றொருவருக்கு இரண்டாம் வகையும் வந்தன.

1950-களில் இங்கு ஏ.எல்.எஸ். நோய் உலகின் பிற பகுதிகளைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு மிகுதியாக இருந்தது என்பது கணக்கெடுப்பில் தெரியவந்தது. தெற்கிலுள்ள உமடாக் கிராமத்தில் அது மிகக் கடுமையாக இருந்தது. உலக நரம்பியலாரின் பார்வை குவாமின்மீது விழுந்தது. இந்தச் சிறு தீவின் புதிரை அவிழ்த்தால் பார்க்கின்சன், அல்சைமர், ஏ.எல்.எஸ். ஆகிய மூன்று பெரும் நோய்களுக்கும் திறவுகோல் கிடைத்துவிடும் என்று எண்ணினர்.

இப்புதிரில் இரண்டு செய்திகளை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இளமையில் தீவைவிட்டு அமெரிக்கா சென்ற சமோரோ மக்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழிந்தபின் அங்கே இந்நோய் வந்தது. அதேபோல் பிலிப்பைன்ஸிலிருந்து குவாமுக்குக் குடியேறி நெடுநாள் வாழ்ந்த சிலருக்கும் வந்தது. ஆகவே பரம்பரை மட்டும் காரணமாக இருக்க இயலாது. மற்றொன்று, பின்னாட்களில் நோய் தானாகவே குறைந்துவிட்டது. 1950-களுக்குப் பின் பிறந்தோரிடம் அது ஏறத்தாழ மறைந்தேவிட்டது. அப்படியானால் தீவின் பழைய வாழ்க்கையில் இருந்து, புதிய வாழ்க்கையில் இல்லாமற்போன ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் அல்லவா?

சந்தேகத்துக்கு ஆளான மாவு

இவ்விடத்தில்தான் சைகஸ் மரம் வருகிறது. தாவரவியல் பாடத்தில் ஜிம்னோஸ்பெர்ம் வகைக்கு எடுத்துக்காட்டாக நாம் படிக்கும் அதே சைகஸ்தான். குவாமில் வளரும் சைகஸை முன்னர் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸ் என்றே கருதி வந்தனர். 1994-ல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்து சைகஸ் மைக்ரோனேசிகா என்று பெயரிட்டனர். மலபார்ப் பகுதியில் ஈந்து என்று வழங்கும் இம்மரத்தின் விதையை உலர்த்தி மாவாக்கி உண்பது நம் அண்டை மாநிலத்தார் அறிந்ததே.

குவாமில் இதற்கு ஃபதாங் என்று பெயர். விதை நஞ்சுடையது. ஆகவே சமோரோ பெண்கள் பருப்பை வெட்டி, பல நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அரைத்து மாவாக்கி, அடையாகச் சுடுவார்கள். முதலில் ஊறிய நீரைக் குடித்த கோழி இறந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது இந்த மாவே பலரின் பசியைத் தீர்த்தது.

மார்ஜரி வைட்டிங் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் இம்மாவின்மீது ஐயம் கொண்டு, சைகஸ் நஞ்சு பற்றிய செய்திகளைத் திரட்டி 1963-ல் வெளியிட்டார். 1964-ல் மும்பையின் நரம்பு நோயியல் அறிஞர் தஸ்தூர், சைகஸ் மாவு உண்ட குரங்குகளில் தசைத் தளர்ச்சியைக் கண்டு எழுதினார். 1967-ல் வேகா, பெல் ஆகிய இருவர் சைகஸ் விதையிலிருந்து பி.எம்.ஏ.ஏ. என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இது நம் நாட்டுக் கேசரிப் பருப்பிலுள்ள நரம்பு நஞ்சை அமைப்பில் ஒத்திருந்தது. கேசரிப் பருப்பின் நஞ்சைப் பிரித்தெடுத்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராவ், அடிகா, சர்மா ஆகியோர் என்பதும் (1964) இங்கு நினைவுகூரத் தக்கது.

கேசரிப் பருப்பு நோயை ஆராய்ந்த பீட்டர் ஸ்பென்சர், 1987-ல் குரங்குகளுக்குப் பி.எம்.ஏ.ஏ.வை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார். வாரக்கணக்கில் அவற்றின் கைகால்கள் தளர்ந்தன. உலகெங்கும் செய்தி பரவியது. குவாம் புதிர் தீர்ந்தது என்றே பலர் எண்ணினர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பள்ளி மாணவரும் போடக்கூடிய ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஸ்பென்சரின் குரங்குகள், தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 100 மில்லிகிராம் நஞ்சைப் பெற்றன. இதே அளவில் 50 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 5000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் பெற வேண்டும்.

மாவில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது? இதை 1990-ல் மார்க் டங்கனும் அவருடன் மூவரும் அளந்து வெளியிட்டனர். குவாமில் கிடைத்த சைகஸ் விதையிலிருந்து ஆக்கிய 30 மாவு மாதிரிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். கழுவியதில் மொத்த நஞ்சில் சராசரியாக நூற்றுக்கு 87 பங்கு நீங்கியிருந்தது. பாதி மாதிரிகளில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் நீங்கியிருந்தது. எஞ்சிய நஞ்சு மாவின் எடையில் சராசரியாக நூற்றுக்கு 0.005 பங்குதான். அதாவது ஒரு கிலோ மாவில் 50 மில்லிகிராம்.

5000 மில்லிகிராம் வேண்டும்; கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 100 கிலோ மாவு வருகிறது. தம் எடையைப்போல் இருமடங்கு மாவை எவரும் ஒரே நாளில் உண்ண இயலாது.

இக்கணக்கு மாவை முற்றிலும் விடுதலை செய்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய அளவு நஞ்சு பல ஆண்டுகள் உடலுக்குள் சென்றால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மெல்லிய கசிவு இருக்கிறது. அது முதுமையில் எல்லோருக்கும் நேரும் நரம்பணு இழப்பு. இளமையில் ஒரு நாள் யாரோ நாலு குடம் நீரை மொண்டு எடுத்துவிட்டார்கள். அன்று ஒன்றும் தெரியாது, குழாயில் நீர் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கசிவு தொடரத் தொடர, மற்றத் தொட்டிகளுக்கு முன்னதாகவே இத்தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கிவிடும். இவ்வாறு ஒரு பழைய பாதிப்பு முதுமையில் நோயாக வெளிப்படலாம் என்று ஸ்பென்சர் உள்ளிட்ட சிலர் 1986-ல் எடுத்துரைத்தனர். கருத்து அழகானது. ஆனால் மொண்ட குடங்கள் எத்தனை, மொண்டவர் யார் என்று காட்டினால்தான் அது அறிவியலாகும். சில வாரங்களில் பெரும் அளவு நஞ்சால் குரங்குக்கு வரும் தளர்ச்சி அதைக் காட்டுவதில்லை.

டங்கனின் ஆய்வை மற்றொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். ஒரே பெண்மணி இரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு முறை ஆக்கிய மாவையும் அவர்கள் சோதித்தனர். ஒரு முறைக்கு ஒரு முறை சிறிது வேறுபாடு இருந்தது. எனினும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 85 பங்குக்குக் குறையாமல் நஞ்சு நீங்கியிருந்தது. "இந்தப் பெண்கள் சரியாகக் கழுவவில்லையோ?" என்ற ஐயம் அத்தீவின்மீது நெடுநாள் கவிந்திருந்தது. பாட்டி, தாய், மகள் என்று வழிவழியாகக் கற்ற அந்தக் கழுவும் முறை செவ்வையானது என்பதை ஆய்வுக்கூடம் எண்ணாலேயே காட்டிவிட்டது. என் மாணவர் நூலிலிருந்து எடுத்துச் சென்றிருக்க வேண்டிய செய்தி இதுவே. ஆனால் அவர் எடுத்துச் சென்றது மாவின் மேலுள்ள பழியை!

நூலின் குறை எங்கே?

சாக்ஸ் செய்திகளை மறைப்பவர் அல்லர். சைகஸ் கருதுகோளின் ஏற்ற இறக்கம், மண்ணிலும் நீரிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து அலுமினியம் மிகுந்தது காரணமோ என்ற கருதுகோள், பரம்பரை பற்றிய ஐயம் ஆகியவற்றையெல்லாம் அவர் எடுத்துரைக்கிறார். அவரைக் குவாமில் அழைத்துச் சென்று நோயாளிகளைக் காட்டிய ஜான் ஸ்டீல் என்ற மருத்துவர், மேற்சொன்ன டங்கன் ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே அறியாமை குறையன்று. குறை, நூலின் கட்டமைப்பில் இருக்கிறது.

முதலாவது, எழுத்தாளருக்குச் சைகஸ் மரத்தின்மேல் தீராத காதல். லண்டனின் கியூ தோட்டத்தில் சிறுவனாகச் சைகஸைக் கண்டு மயங்கியவர் அவர். இரண்டாம் பகுதிக்கே "சைகஸ் தீவு" என்று பெயர் வைத்துவிட்டார். கடைசி அத்தியாயம் ரோட்டா தீவின் சைகஸ் காட்டில் போய் முடிகிறது. காலங்கடந்த அம்மரங்களின் நடுவே அவர் நிற்கும் பகுதி மிக அழகான உரைநடை. ஆனால் நூலை மூடும்போது வாசகன் கண்ணில் நிற்பது எது? சைகஸ் மரம்தான். வழக்கில் தீர்ப்புச் சொல்லாமல், குற்றஞ்சாட்டப்பட்டவரின் படத்தைப் பெரிதாகக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்?

இரண்டாவது, எண்கள் கதையின் ஓட்டத்தில் அமுங்கிவிடுகின்றன. நூலின் பின்புறம் நீண்ட குறிப்புகள் உள்ளன. அரிய செய்திகள் நிறைந்தவை. ஆயினும் அவற்றைத் தேடிப் படிப்போர் எத்தனை பேர்? மேலே நாம் போட்ட நான்கு வரிக் கணக்கைப் போன்ற ஒன்றைக் கதையின் நடுவிலேயே நிறுத்தியிருந்தால், நூலின் சுவை குறைந்திருக்காது. வாசகனின் தெளிவு கூடியிருக்கும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. நோயாளிகளுக்கு இந்நூலில் முகம் இருக்கிறது. அவர்களை வீட்டின் நடுக்கூடத்திலேயே வைத்து, பேரக் குழந்தைகள் சூழப் பேணிக்காக்கும் குடும்பங்களை ஆசிரியர் மனம் உருகக் காட்டுகிறார். நூலின் சிறந்த பகுதி இதுவே. ஆனால் அதே மாவை உண்டு நோயின்றி முதிர்ந்தவர்களுக்கு அங்கே முகம் இல்லை. காரணம் தேடும் ஆராய்ச்சியில் இவர்கள் நோயாளிகளுக்குச் சமமான சாட்சிகள். நோயுற்ற நூறு பேரில் தொண்ணூறு பேர் மாவு உண்டார்கள் என்றால் அது பெரிய செய்திபோல் தோன்றும். நோயில்லாத நூறு பேரிலும் தொண்ணூறு பேர் உண்டிருந்தால் அச்செய்திக்கு ஒரு பொருளும் இல்லை. ஜப்பானின் அமாமி, ஓகினாவா தீவுகளிலும் சைகஸ் மாவை உண்டார்கள். அங்கே குவாம் போன்ற நோய்த்திரள் காணப்படவில்லை. நோயாளியைப் பற்றி எழுதும் கலையில் தேர்ந்தவர்களுக்கே இந்தக் குறை எளிதில் நேர்ந்துவிடுகிறது. நோயில்லாதவனைப் பற்றிச் சொல்லக் கதை இல்லையே!

வௌவால் வந்த கதை

நூல் வெளிவந்த பின்பும் கதை தொடர்ந்தது. அளவுக் கணக்கு உதைக்கிறது என்பதைச் சாக்ஸும் உணர்ந்திருந்தார். 2002-ல் பால் காக்ஸ் என்ற தாவரவியலாருடன் சேர்ந்து அவர் ஒரு புதிய கருதுகோளை முன்வைத்தார். சமோரோ மக்கள் பழந்தின்னி வௌவாலைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து விருந்துகளில் உண்பது வழக்கம். அவ்வௌவால்கள் சைகஸ் விதையை விரும்பித் தின்பவை. நஞ்சு அவற்றின் உடலில் சேர்ந்து பன்மடங்காகி மனிதரை அடைந்திருக்கலாம். போருக்குப் பின் துப்பாக்கிகள் பெருகின. வௌவால்கள் வேட்டையாடப்பட்டு அருகின. அவை குறையக் குறைய நோயும் குறைந்தது என்பது அவர்கள் வாதம்.

2003-ல் காக்ஸும் சாண்ட்ரா பனாக்கும் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய வௌவால் தோல்களைச் சோதித்து, கிராமுக்கு 3556 மைக்ரோகிராம் பி.எம்.ஏ.ஏ. இருப்பதாக அறிவித்தனர். சைகஸின் பவழ வேர்களில் வாழும் நீலப்பசும் பாசியே இந்நஞ்சை ஆக்குகிறது என்றும், நோயால் இறந்த ஆறு சமோரோ மக்களின் மூளையில் அது இருந்தது என்றும் எழுதினர். பாசியிலிருந்து விதை, விதையிலிருந்து வௌவால், வௌவாலிலிருந்து மனிதன் என்று சங்கிலி முழுமை பெற்றதுபோல் தோன்றியது.

கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்போம். சோதிக்கப்பட்ட வௌவால்கள் மூன்று மட்டுமே. மூன்று அளவீடுகளைக் கொண்டு ஒரு மாணவர் வரைபடம் வரைந்து வந்தால் நான் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 2005-ல் வேறொரு குழுவினர் குவாம் நோயாளிகளின் மூளைத் திசுவில் தனித்த நிலையிலுள்ள பி.எம்.ஏ.ஏ.வைத் தேடினர். கிடைக்கவில்லை. ஒரே நிறையுள்ள, அமைப்பில் சற்றே மாறிய வேறு சேர்மங்களும் உள்ளன. அளக்கும் கருவி அவற்றைப் பிரித்தறியத் தவறினால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும் என்பதையும் வேதியியலார் சுட்டிக்காட்டினர். புரதத்தோடு பிணைந்த நிலையில் நஞ்சு ஒளிந்திருக்கிறது என்று மறுதரப்பினர் கூறினர். விவாதம் நீண்டது.

2007-ல் குவாமிலேயே நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. வௌவால் உண்டதற்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் இளமையில் ஃபதாங் விதையைப் பறித்ததற்கும் அம்மாவை உண்டதற்கும் ஓரளவு தொடர்பு தென்பட்டது. ஆக, வௌவால் மீதான ஐயம் தளர்ந்தது; சைகஸ் மீதான ஐயம் முழுவதும் அகலவில்லை. 2016-ல் காக்ஸ் குழுவினர், பி.எம்.ஏ.ஏ. கலந்த உணவை 140 நாட்கள் உண்ட வெர்வெட் குரங்குகளின் மூளையில் அல்சைமர் நோயில் காண்பது போன்ற புரத முடிச்சுகளைக் கண்டதாக எழுதினர். கொடுக்கப்பட்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 210 மில்லிகிராம் வரை. நாம் முன்பு போட்ட கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு கோடுகள் ஒன்றாக இறங்குவதால் ஒன்று மற்றொன்றை இறக்கியது என்று ஆகிவிடாது. போருக்குப் பின் குவாமில் வௌவால் மட்டுமா குறைந்தது? ஃபதாங் உண்பது குறைந்தது, ஊற்று நீர் குடிப்பது குறைந்தது, சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டும் உண்பது குறைந்தது. அமெரிக்கக் கடைச் சரக்கும் குழாய் நீரும் வந்தன. பழைய வாழ்க்கையின் எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் அதன் கோடு இறங்கியே இருக்கும். இதில் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. நூலில் எல்லாக் கருதுகோள்களையும் வரிசையாக நிறுத்தி வைத்த எழுத்தாளர், பின்னர் அவற்றில் ஒன்றன் வழக்கறிஞராகிவிட்டார். அவருடைய நடை அழகு அக்கருதுகோளுக்கு, அதன் சான்றுக்கு மீறிய புகழைத் தேடித் தந்துவிட்டது.

உணவே காரணமாகும்போது

உணவால் நரம்பு நோயே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கேசரிப் பருப்பையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் ரீவா போன்ற பகுதிகளில் பஞ்ச காலத்தில் அதையே முக்கிய உணவாக உண்ட ஏழை உழவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கின. அங்கே சான்று எப்படி அமைந்தது? மிகுதியாக உண்டவருக்கே நோய் மிகுதியாக வந்தது. உண்ணத் தொடங்கிச் சில மாதங்களில் வந்தது. அதை உண்பது நின்ற இடத்தில் புதிய நோயாளிகள் தோன்றவில்லை. நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. அளவும் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. குவாமில் அவை பொருந்தவில்லை. இந்த வேற்றுமையே மாணவர்கள் கற்க வேண்டிய பாடம்.

இனி நம் தட்டுக்கு வருவோம். இன்று "மூளைக்கு உகந்த உணவு" என்று பல விளம்பரங்களைப் பார்க்கிறோம். 2015-ல் அமெரிக்காவில் 923 முதியோரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று, கீரை, பருப்பு, கொட்டை, மீன் போன்றவற்றை மிகுதியாக உண்ணும் முறையை நெருக்கமாகப் பின்பற்றியோர்க்கு அல்சைமர் நோய் நூற்றுக்கு 53 பங்கு குறைவாக வந்தது என்றது. பெரிய செய்திதான். ஆனால் அவ்வாறு உண்போர் வேறு பல நல்ல பழக்கங்களையும் உடையவராக இருக்கலாம் அல்லவா? எனவே 604 முதியோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, மூன்று ஆண்டுகள் சோதித்தனர். முடிவு 2023-ல் வெளிவந்தது. அவ்வுணவு முறையில் இருந்தோர்க்கும், சாதாரண உணவை அளவு குறைத்து உண்டோர்க்கும் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மூன்று ஆண்டுகள் போதாது என்று சொல்லலாம். தொட்டிக் கணக்கை நினைத்தால் அது நியாயமான எதிர்வாதமே. நல்ல உணவு வீண் என்றும் இதற்குப் பொருள் அன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு ஆகியவை மறதி நோய்க்கு வழிகோலுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. உணவு அவற்றின் வழியாக மூளையைத் தொடுகிறது. நடைப்பயிற்சியும், காது கேளாமையைக் கவனித்துக்கொள்வதும், நாலு பேரோடு பேசிப் பழகுவதும் அதே பட்டியலில் வருகின்றன. ஒரே ஒரு பண்டத்தைக் காட்டி, "இதை உண்டதால் வந்தது", "இதை உண்டால் போகும்" என்று எவரேனும் சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு உண்டால்? எத்தனை நாளில்? அதையே உண்ட மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

மூன்றாம் கேள்வியை நான் என் மாணவரிடமும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தாத்தாவும் அதே சாப்பாடுதான் சார், நல்லாத்தான் இருக்கார். நாங்க எல்லாருமே அதேதான்" என்றார். ஒரு வீட்டுக் கணக்கு எதையும் மெய்ப்பித்துவிடாது. தாத்தா நலமாக இருப்பதால் உணவுக்கு ஒரு பங்கும் இல்லை என்றும் ஆகிவிடாது. ஆனால் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் இந்த அளவாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பாட்டிக்கு மருத்துவர் கொடுத்த லெவோடோபா மாத்திரையை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது என்றும், புரதம் மிகுந்த உணவு அம்மருந்தை உடல் ஏற்பதைக் குறைக்கக்கூடும் ஆதலால் எந்த நேரத்தில் எதைக் கொடுப்பது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். உணவைப் பற்றி அந்த வீடு கவலைப்பட வேண்டியது இந்த ஓரிடத்தில்தான்.

சாக்ஸின் நூலை மாணவர்கள் படிக்க வேண்டும். நோயாளியை மனிதராகக் காணும் கண்ணை அது தருகிறது. அந்தக் கண்ணோடு, பக்கத்தில் ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உமடாக் கிராமத்தில் பல நாட்கள் நீர் மாற்றி மாற்றிக் கழுவிய பெண்மணிக்கும், இங்கே இருபத்தைந்து ஆண்டுகள் சமைத்துப் போட்ட தாய்க்கும் நாம் செய்யக்கூடிய நீதி, எண்ணிப் பார்த்த பிறகே பேசுவது.